நிழல் விழும் பக்கம் பார்த்துப் பாத்தி போடு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

உப்புவெளி வளவுக்கு நீ கீறி அனுப்பிய தோட்டப் படம் கிடைத்தது. வெயில் தெற்கிலிருந்துதான் வரும் என்று எண்ணி, கொடிப் பந்தலை வடக்கு மதிலோரம் கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறாய். குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்வது அது. அந்த ஊர்களுக்குச் சரி. எங்களுக்கு ஏப்ரல் 12 அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் விழும்.

மதில் ஆறடி என்றால், டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்கே மூன்றே முக்கால் அடி. ஜூன் 21இல் தெற்கே ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஆகவே தெற்கு மதிலிலிருந்து நாலடி தள்ளி முதல் பாத்தியைப் போடு. வடக்கில் இரண்டடி போதும். ஆனால் பிள்ளை, பெரிய நிழல் கிழக்கு மதிலுடையது. சூரியன் உதித்து இரண்டு மணித்தியாலம் கழிந்தும் ஏறக்குறைய பத்தடிக்கு நீண்டு கிடக்கும்.

பந்தலை மேற்கு ஓரத்தில் வடக்கு தெற்காக நிறுத்து. காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம் வெயில் படும். ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடச்சுட வீசும்போது, பயற்றங்கொடி அதைத் தணித்து, பிற்பகல் வெயிலையும் மறைக்கும். அதன் நிழலில் கீரையும் மிளகாய் நாற்றும் வாடாமல் நிற்கும். பந்தல் கால்களை மட்டும் இரண்டடி ஆழம் புதை. இல்லாவிட்டால் காற்று கொடியைப் பந்தலோடு சாய்த்துவிடும்.

மாரியில் எதிர்மாறு. வானம் மூடியிருக்க, வெளிச்சம் போதாமல் கத்தரியும் தக்காளியும் பூக்கொட்டும். செப்டெம்பரிலேயே முருங்கைக் கிளைகளைத் தறித்துவிடு.

எங்கள் ஊரில் பகல் ஜூனில் 12 மணி 37 நிமிடமளவு, டிசம்பரில் 11 மணி 37 நிமிடமளவு. ஒரு மணித்தியால வித்தியாசம்தான். நாட்டு அவரைக்கு அது போதும். இரவு நீண்டால்தான் அது பூக்கும். மாசி, பங்குனியில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், மாதக்கணக்காகப் பூ வராது. பசளை காணாது என்று யூரியா போட்டால் இலைதான் இன்னும் பெருகும். ஆடி, ஆவணியில் ஊன்றி, மழை தொடங்கும்வரை கிணற்றுத் தண்ணீர் விடு. படலையடி விளக்குக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம். விடியும்வரை வெளிச்சம் படும் பக்கத்துக் கொடிக்கு இரவே இல்லை. மற்றப் பக்கம் காய்த்துத் தொங்கும்போதும் அது வெறும் இலையாகவே நிற்கும்.

மதிலின் உயரத்தை அளந்து எழுது. ஆறடிக்கு மேலென்றால், கூடும் ஒவ்வோர் அடிக்கும் தெற்கு இடைவெளியில் ஏழரை அங்குலம் கூட்டவேண்டும்.

அன்புடன்,
அப்பா