கட்டிய ஏரியை 'வரம்' என்கிறீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் நகரம் புத்துயிர் பெறுவதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கொடை ஏரியை 'இயற்கை அன்னை தந்த வரம்' என்று எழுதியிருக்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல: அது 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. சுமார் 60 ஏக்கர்.

இதற்கா ஒரு கடிதம் என்று தோன்றலாம். வரம் என்று சொல்லிவிட்டால் பராமரிப்பையும் வரம் கொடுத்தவரிடமே விட்டுவிடலாம் அல்லவா? கட்டிய ஏரிக்குக் கரை பார்க்க வேண்டும், தூர் வார வேண்டும்.

ஏரி ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. ஊர் அதன் விளிம்பில். மேலே சிந்துவது கீழேதான் வரும். வடிகால் வேலை தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, சரிவான நிலத்தில் சமவெளியில் போல வேலை செய்யாது. மண் ஆழம் குறைவு. அடியில் பாறை தட்டியதும் கழிவுநீர் பக்கவாட்டில் கசிந்து, கீழ்ச்சரிவில் ஊற்றுப் போலக் கிளம்பும். செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலி செய்யாவிட்டால் கசடே வெளியேறும். அதன் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஹோட்டல் சமையலறைக் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயைப் பிடித்து வைக்க எண்ணெய்ப் பொறி வைத்தாலும் வாரம் ஒருமுறை வழித்தெடுக்காவிட்டால் அது வெறும் தொட்டிதான்.

இந்தக் கழிவிலுள்ள சத்தெல்லாம் ஏரியில் சேர்ந்துதான் நீர்க்களையை வளர்க்கிறது. களையை அறுப்பதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அறுத்த துண்டுகள் மிதந்து போய் மறுபடி வேர்விடும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அள்ளிய களையைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அதன் சாறு ஏரிக்கே திரும்பும். அன்றே லாரியில் ஏற்றிக் கீழ்ச்சரிவுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். ஏரியில் வழியும் தண்ணீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

நடைபாதையைப் புகழ்ந்திருக்கிறீர்கள். ஏரிக்கரை நடைபாதையின் சாய்வு தண்ணீரை நோக்கி இருக்கக்கூடாது. எதிர்ப்புறம் புல் வாய்க்காலுக்குச் சாய வேண்டும். கல்லுக்கு அடியில் ஜல்லி, இடுக்கில் மணல். இடுக்கைச் சிமெண்ட் பூசி அடைத்தால் குதிரைச் சாணம் முதல் டயர் எண்ணெய் வரை முதல் மழையிலேயே ஏரிக்குள் போய்விடும். அலங்கார விளக்கு இதற்கெல்லாம் பிறகு.

கடைத்தெருவுக்குக் கூட்டம் வருகிறதாம். மலை ஊரில் கடைத்தெரு நடப்பவர்களால்தான் பிழைக்கும். நின்ற காரிலிருந்து யாரும் சாமான் வாங்குவதில்லை. கோடை சீசனுக்கு உயர் நீதிமன்றம் 2025-இல் வைத்த வரம்பே வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம். ஏரியைச் சுற்றிச் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காருக்கு 6 மீட்டர் என்று ஓர் ஓரம் முழுக்க நிறுத்தினாலும் 830 கார்தான் கொள்ளும். மிச்சத்தை எங்கே நிறுத்துவது? ஊருக்கு வெளியே நிறுத்திச் சிற்றுந்தில் கூட்டி வருவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் தங்கள் இதழில் 'மலைகளின் இளவரசி' வந்துவிடுகிறாள். இளவரசி வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று ஒரு மே மாதமாவது கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் 'ஏரி 1863-இல் கட்டப்பட்டது' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த முறை கட்டுரையாளரை ஐப்பசி மழையில் அனுப்புங்கள். மறக்காமல் ரப்பர் பூட்ஸ் கொடுத்து.

தங்கள் பழைய சந்தாதாரர்,
கொடைக்கானல்