ஒரு வாளி உப்புத் தண்ணீர் வையுங்கள்: உருளைக்கிழங்கு மண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கிழங்கு போடுகிறவன் எழுதுகிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன கார்போகத்தில், அதாவது மழையை நம்பிப் போடும் போகத்தில், மண் அணைக்கும்போது யூரியாவை அளவுக்கு மேல் போட்டேன். மழை விட்டதும் இன்னொரு கை வீசினேன். செடி முழங்காலுக்கு மேல் கரும்பச்சையாக நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் எல்லாம் பழுத்துச் சாய்ந்துவிட்டது, என்னுடையது பழுக்கவே இல்லை. விலை இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று பச்சையாகவே அறுத்துப் போட்டுத் தோண்டினேன். கிழங்கு நல்ல பெரிசு. கட்டை விரலால் தேய்த்தாலே தோல் கையோடு வந்தது.

அந்தக் கிழங்குக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை கிடைத்தது. வீட்டில் அதையே வேக வைத்தபோது, "இதென்ன, சுரைக்காயா?" என்று அம்மா கேட்டார்.

யூரியா கொடுக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லாமல் விளைச்சல் இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் மிஞ்சிப்போனால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். கிழங்கில் மாவு இறங்குவது தள்ளிப்போகும். மாவும் வைட்டமின் சி-யும் குறையும், தண்ணீரும் நைட்ரேட்டும் கூடும். புரதம் கூடுகிறதே என்பார்கள். சரி, ஆய்வகத்தில் புரதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பெரும்பாலும் கிழங்கில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். உருளைக்கிழங்கில் அந்த நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி உண்மையான புரதமே இல்லை, தனி அமினோ அமிலங்கள். அதிகம் இருப்பது அஸ்பராஜின். எண்ணெயில் பொரிக்கும்போது அது சர்க்கரையோடு சேர்ந்து, புற்றுநோய் தரலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற பொருளாக மாறுகிறது என்று 2002-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போடுகிறாய் என்று கேட்பீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் சேர்க்காமல், 242 ரூபாய். சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் மூட்டை அதைப்போல் பல மடங்கு. 2010-ல் உரத்தில் உள்ள சத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கும் மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்து, அதன் விலையை அரசே கட்டுக்குள் வைத்துக்கொண்டது. மலிவான உரத்துக்குத்தான் கை நீளும். அதற்கு மேல் நீங்கள் சைஸையும் எடையையும் பார்த்து விலை சொல்கிறீர்கள். தண்ணீரை எடை போட்டு விற்பது எனக்கு லாபம் என்றால் நான் ஏன் அளவாகப் போடப்போகிறேன்?

சிப்ஸ் கம்பெனிக்காரர்கள் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் கெட்டிப் பகுதி, 20 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். குழம்புக்கு வாங்குகிறவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் உப்புக்குப் பதினொரு டம்ளர் தண்ணீர் என்று ஒரு வாளியில் கரைத்து வையுங்கள். மூட்டைக்கு நாலு கிழங்கை எடுத்துப் போடுங்கள். மாவுள்ளது மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். ரகத்தாலும் மழையாலும்கூட மிதக்கலாம், நைட்ரேட்டை இது காட்டாது, அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் மூழ்கும் கிழங்குக்கு மூட்டைக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த போகத்திலேயே எங்கள் பக்கம் மேலுரமாக வீசும் யூரியா குறையும்.

வரும் நீர்ப்போகத்தில், அதாவது பாசனத்தில் போடும் போகத்தில், என் முதல் லோடோடு உப்பை நானே கொண்டு வருகிறேன். வாளி உங்களுடையது.

இப்படிக்கு,
மலைக்கிழங்கு விவசாயி ஒருவன்