தெரிந்த சொல்தானே என்று தாண்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளுக்குத் திருச்சியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சில பயிற்சி மையங்கள், 'கம்ப்யூட்டர், டீம் எல்லாம் தெரிந்த சொற்கள்தானே' என்று ஜெர்மனில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. பிள்ளைகள் தடுமாறுவதே அங்கேதான். ஜெர்மனுக்குள் வந்த பெயர்ச்சொல் எதுவானாலும், அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நடுப்பால்) மூன்றில் ஒன்று அதற்கு வேண்டும்.

ஓரளவு வழி உண்டு. 'எர்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், கம்ப்யூட்டர் போல. ஆனால் போஸ்டர் நடுப்பால். மீட்டிங், டிரெய்னிங் போல 'இங்' என்று முடியும் செயற்பெயர்கள் நடுப்பால். ஃபிட்னஸ் பெண்பால். ஈமெயில் ஜெர்மனியில் பெரும்பாலும் பெண்பால், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நடுப்பாலாகவும் வரும். இரண்டும் சரி. பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிப் போகிறார்கள்.

பொருளும் மாறும்: 'ஹேண்டி' என்றால் செல்போன், 'பீமர்' என்றால் புரொஜெக்டர். பேபியின் பன்மைக்குக் கடைசி ஒய்யை மாற்றாமல் எஸ் மட்டும் சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் எழுதினால் தப்பு.

உங்கள் கல்விப் பக்கத்தில் ஜெர்மன் சொற்பட்டியல் வெளியிட்டால், இந்தச் சொற்களையும் டேர், டீ, டாஸோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

- ஜெர்மன் ஆசிரியை, திருச்சி