பலகைக்கு அடியில் குழி

அன்புள்ள பங்காளி,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. ஃபோன் போட்டால் நடுவில் புகுந்து திட்டுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் சைட்டில் ஒரு பையன் விழுந்துவிட்டான். ஒடிசாக்காரன், இருபத்திரண்டு வயது. உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பும் இடது கையும் முறிந்துவிட்டன.

மூன்றாவது மாடித் தளத்தில் குழாய் இறங்க டக்ட், அதாவது ஒரு திறப்பு, விட்டிருந்தோம். அதன் மேல் ஒரு பிளைவுட்டைச் சும்மா போட்டு மூடியிருந்தோம். கான்கிரீட் போட அடிக்கிற சென்ட்ரிங்குக்குப் பலகை போதவில்லை என்று அவன் அதை எடுக்கப் போனான். எட்டுக்கு நாலு பலகையை நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தால் கால் வைக்கிற இடம் தெரியுமா? ஓரடி எடுத்து வைத்தான், அவ்வளவுதான். பலகை விளிம்பில் மாட்டி நின்றது, ஆள் உள்ளே போய்விட்டான். இரண்டாவது மாடி டக்டில் கம்பி கட்டுகிறவர் சோம்பல்பட்டு, குறுக்குக் கம்பிகளை வெட்டாமல் விட்டிருந்தார். அந்த வலையில் விழுந்து நின்றான். இல்லையென்றால் நேராகத் தரைதான். கம்பியை ஏன் வெட்டவில்லை என்று அவரை நான் அதற்கு முந்தின வாரம்தான் சத்தம் போட்டிருந்தேன்.

ஓடி வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “பார்த்துப் போகக்கூடாதா?” நானும் அதையேதான் சொன்னேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, எதைப் பார்ப்பான்? கண்ணுக்கு முன்னால் பலகை, அதற்கு அடியில் குழி.

இன்னொன்று. தினமும் காலையில் ஆட்களை நிறுத்திப் பத்து நிமிடம் பேசுகிறேன் என்று உன்னிடம் பெருமையடித்தேனே, அது தமிழில். முப்பது பேரில் இருபது பேருக்குத் தமிழ் வராது, தலையை மட்டும் ஆட்டுவார்கள். சிங்கப்பூர் போன புதிதில் சேஃப்டி வகுப்பைத் தமிழிலேயே எடுத்தார்கள் என்று நீ ஆச்சரியப்பட்டு எழுதினாய். கடல் தாண்டிப் போன உனக்குத் தமிழில் சொன்னார்கள். நம்மை நம்பி வந்தவனுக்கும் நான் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்த டக்டிலும் கம்பியை வெட்ட விடுவதில்லை. எட்டு எம்எம் கம்பி, ஆறு இஞ்சு இடைவெளி. நாலு இஞ்சு குழாய் அதன் ஊடே தாராளமாக இறங்கும், ஆள் இறங்க முடியாது. மேலே போடுகிற பலகைக்கு நாலு மூலையிலும் ஆணி, நடுவில் சிவப்புப் பெயிண்ட். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டோரில் பத்து சேஃப்டி பெல்ட் புதுசு கலையாமல் தொங்குகிறது. கொக்கியை மாட்ட ஒரு கயிறுகூட இழுத்துக் கட்டாமல் பெல்ட் வாங்கி என்ன செய்ய? அதற்கும் இப்போது ஏற்பாடு செய்கிறேன்.

அஸ்திவாரக் குழியில்தான் எனக்குப் பயம் தீரவில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கத்துக்கு முட்டுக் கொடு, இல்லை சரிவாக வெட்டு என்பது விதி. நம் ஆட்கள் செங்குத்தாக வெட்டி, எடுத்த மண்ணையும் விளிம்பிலேயே குவிப்பார்கள். மழை பெய்தால் நான் தூங்குவதில்லை.

2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தபோது ஊரே பேசியது. ஒருத்தன் டக்டில் விழுந்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துக்கென்று செஸ் வரி கட்டுகிறோம். அந்தப் பையன் வாரியத்தில் பதிவே செய்யவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பாதி, நாங்கள் பாதி என்று சமாளித்தோம்.

போன ஞாயிறு அவனைப் பார்க்கப் போனேன். ‘இங்கே குழி’ என்று அவன் மொழியில் எழுதித் தரச் சொன்னேன். அதைப் பெயிண்டர் பார்த்து அப்படியே பலகையில் எழுதினார். ஜிலேபி சுற்றின மாதிரி இருக்கிறது, எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் சித்தாள் வேலைக்கு வருகிற அவன் ஊர்க்காரப் பெண் நின்று படித்துவிட்டுச் சிரித்தாள். என்ன தப்பாக எழுதியிருக்கிறதோ தெரியவில்லை, விசாரிக்க வேண்டும்.

சரி, லிஃப்ட் குழி வாசலுக்கு அங்கே என்ன தடுப்பு வைக்கிறீர்கள்? போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், அடுத்த தளம் போடப் போகிறோம்.

அன்புடன்,
உன் பங்காளி