சின்னச் சின்னப் பாடங்களாக ஏன் நடத்துகிறோம்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் கணக்கையும் அறிவியலையும் நடத்தும் முறையை மாற்றியிருக்கிறோம். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு தலைப்பை ஒரே மூச்சில் நடத்தி முடிக்கும் வழக்கம் இப்போது இல்லை. ஆசிரியர் ஒரு கருத்தை ஏழெட்டு நிமிடம் விளக்குகிறார். உடனே பிள்ளைகள் அதைச் செய்து பார்க்கிறார்கள். யாருக்கு எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த கருத்துக்குப் போகிறார். சென்ற பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: "நோட்டில் முன்பு மாதிரி பக்கம் நிறைவதில்லையே, பாடத்தைக் குறைத்துவிட்டீர்களா?" நியாயமான கேள்வி. அதற்கு விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன்.

பாடத்திட்டத்தில் ஒரு வரியும் குறையவில்லை. புதிதாக ஒன்றைக் கேட்கும்போது நம் மனம் அதைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் யோசிக்கிறது. அப்படிப் பிடித்துக்கொள்ளும் இடம் மிகவும் சிறியது. 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதில் ஏறத்தாழ ஏழு விஷயங்கள் நிற்கும் என்று எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார். இதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. பழகிய விஷயம் எத்தனை பெரியதானாலும் மனத்தில் ஒன்றாகவே நிற்கும். மீ.சி.ம. (கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) காண்பது ஆசிரியருக்கு ஒரே வேலை. முதல்முறை கற்கும் பிள்ளைக்கோ அது நான்கு வேலை. கற்றுக்கொடுப்பவருக்குப் பாடம் எளிதாகத் தெரிவதும், கேட்பவர் திணறுவதும் இதனால்தான்.

பின்னங்களைக் கூட்டுவதை எடுத்துக்கொள்வோம். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இப்போது முதல் சிறுபாடத்தில் கூட்டலே கிடையாது. "விடை அரையைவிடப் பெரியதா, சிறியதா?" என்று மட்டும் ஆசிரியர் கேட்கிறார். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம், ஆகவே விடை பெரியதாகத்தான் இருக்க வேண்டும். 2/5 அரையைவிடச் சிறியது. இதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தவறு மறுபடி வருவது அரிது. அடுத்த சிறுபாடத்தில் 1/2 என்பதும் 3/6 என்பதும் ஒரே அளவு என்று படம் வரைந்து பார்க்கிறார்கள். அதற்கு அடுத்ததில் 1/3 என்பது 2/6 ஆகிறது. அப்புறம் கூட்டல் தானாக வருகிறது: 5/6. "குறுக்கே பெருக்கு, கீழே பெருக்கு" என்று ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம், விடையும் வந்திருக்கும். ஆனால் ஏன் பெருக்கினோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

ஒரு பாடத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் இதில் கடினமான பகுதி. கடிகாரத்தைப் பார்த்து வெட்டினால் பாடம் துண்டு துண்டாகச் சிதறிப்போகும். ஒவ்வொரு துண்டிலும் பிள்ளை செய்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்; அது அடுத்ததற்குத் தாங்கலாகவும் இருக்க வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் இதற்காக ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது, அதனால்தானே இப்படி?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. அப்படி ஒரு பொதுவான எல்லை இருப்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பிடித்த விஷயத்தில் ஒரு பிள்ளை எத்தனை நேரம் மூழ்கிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர் குறைவாகப் பேசினால் போதும் என்பதும் எங்கள் எண்ணம் இல்லை. கல்வி ஆய்வாளர் பராக் ரோசன்ஷைன் 2012-இல் எழுதிய கட்டுரையில், சிறப்பாகக் கற்பித்த கணித ஆசிரியர்கள் 40 நிமிட வகுப்பில் சுமார் 23 நிமிடம் விளக்குவதிலும் கேள்வி கேட்பதிலும் மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுவதிலும் செலவிட்டதாகச் சொல்கிறார். பின்தங்கிய ஆசிரியர்கள் செலவிட்டது 11 நிமிடம்தான். நல்ல ஆசிரியர்கள் நிறையவே விளக்கினார்கள், ஆனால் சிறு சிறு படிகளாக, இடையிடையே பயிற்சி கொடுத்து விளக்கினார்கள்.

வெட்டிய துண்டுகளுக்குத் திரும்பி வராவிட்டால் இத்தனை வேலையும் வீண். 1885-இலேயே ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடக்கிறது என்று காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதும் அவர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. அதனால் இப்போது ஒவ்வொரு வகுப்பும் சில பழைய கேள்விகளோடு தொடங்குகிறது. நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பதில் எழுத வேண்டும். இதற்கு மார்க் கிடையாது.

மூடிவைத்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு கட்டம் படித்துவிட்டு, அடுத்த மூன்று கட்டங்களிலும் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்த குழுவுக்கு 40 சதவீதமும் நினைவுகூர்ந்த குழுவுக்கு 61 சதவீதமும் ஞாபகம் இருந்தது. நாளைக் காலை டெஸ்ட்டுக்காக இரவில் பத்து தடவை வாசிக்கும் பிள்ளை டெஸ்ட்டில் தப்பித்துவிடுகிறது. ஆண்டுத் தேர்வில்தான் மாட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றையும் இப்படி வெட்டப் போவதில்லை. மொழிப் பாடத்தில் ஒரு கதையை முழுதாகத்தான் படிக்க வேண்டும். நீண்ட உரைநடையோடு பொறுமையாக உட்காரும் பழக்கம் பிள்ளைகளிடம் குறைந்து வருவதாக எனக்குக் கவலை உண்டு. அதனால் வாரத்தில் ஒரு பாடவேளையை அமைதியான வாசிப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அதில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியின் காரணங்களைத் தொடர்ச்சியாகச் சொல்லும்போதும் அப்படித்தான்.

அதேபோல, சிறுபாடம் என்றதும் செல்போனில் கல்வி வீடியோக்களைப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் போட்டுக் காட்ட வேண்டாம். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். ஒரு வீடியோ பார்த்தால் நிறுத்திவிட்டு ஒரு கணக்காவது போடச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாலையில் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு வேலை செய்கிறது. வீட்டுப்பாடத்தில் இனி பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்து வரும். ஒரே மாதிரிக் கணக்குகளைத் தொடர்ந்து போடுவதைவிட இது சிரமம். ஆரம்பத்தில் தவறுகள் கூடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

வேகமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் காத்திருக்க நேர்கிறதே என்று சில பெற்றோர் சொன்னார்கள். அது உண்மையான சிக்கல்தான். பயிற்சி நேரத்தில் அவர்களுக்கென்று கடினமான கணக்கு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். அது எல்லா வகுப்பிலும் சரியாக நடக்கிறதா என்பதை நானே நேரில் பார்த்து வருகிறேன்.

புதன்கிழமைகளில் இரண்டாம் பாடவேளையில் பெற்றோர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். முந்தின நாளே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரு வகுப்புக்கு மூன்று பேர் வரை இடம் உண்டு. பார்த்தபின் உங்களுக்குத் தோன்றுவதை வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ நேரடியாகச் சொல்லுங்கள். பருவ இறுதியில் ஆசிரியர்கள் கூடி அடுத்த பருவத்துக்குத் திட்டமிடும்போது அதையும் வைத்துக்கொண்டுதான் பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்