கத்தரிக்காய் விஷயத்தில் எங்களைக் கேட்டார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரபணு மாற்றுப் பயிர்களை வளரும் நாடுகள் தள்ளி வைப்பதற்கு விவசாயிகளின் அறியாமைதான் காரணம் என்று உங்கள் பத்திரிகையில் படித்தேன். கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் பக்கம் காய்ப்புழுவுக்கு மருந்தடித்தே அலுத்துப்போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், புழு விழாத கத்தரி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விதை என்ன விலை, அடுத்த வருஷத்துக்கு அதையே எடுத்து வைக்கலாமா என்றுதான் கேட்பார்கள்.

பங்களாதேஷ் 2013-ல் பி.டி. கத்தரிக்கு (காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த கத்தரி) அனுமதி தந்தபோது, விதையைக் கொடுத்தது அரசு ஆராய்ச்சி நிறுவனம், எடுத்து வைத்து மறுபடி விதைக்கவும் செய்யலாம். ஜாம்பியா கதை வேறு. 2002-ல் பஞ்சத்திலும் உதவியாக வந்த மரபணு மாற்று மக்காச்சோளத்தை வேண்டாம் என்றார்கள், உடம்புக்கு ஆகுமா என்ற பயம் ஒரு பக்கம், ஐரோப்பாக்காரன் நம் சரக்கை வாங்க மாட்டானோ என்ற பயம் இன்னொரு பக்கம். இது அறியாமையா, வியாபாரக் கணக்கா?

நம் நாட்டில் 2002-லேயே பி.டி. பருத்தி வந்துவிட்டது. கத்தரியை 2010-ல் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். அதற்கு முன் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார்கள், சரி, தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த மரபணுவைச் சேர்த்த ரகங்களில் நம் கடலூர் மாவட்டத்துப் பாலூரின் ‘பாலூர் 1’ கத்தரியும் உண்டு!

அடுத்த தடவை பாலூரிலும் ஒரு கூட்டம் போடட்டும், நாற்காலியை நாங்களே கொண்டு வருகிறோம்.

ஒரு வாசகர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்