செயின் செட் புதிது, லாக் பிளேட் மட்டும் பழையதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளின் செயின் செட் (செயினும் அதன் முன், பின் பல்சக்கரங்களும்) தேய்ந்துவிட்டால் செலவைப் பாராமல் மாற்றிக்கொள்ளும் நாம், பல்சக்கரங்களை (ஸ்பிராக்கெட்) பிடித்து நிறுத்தும் நட்டு, நட்டு சுழலாதபடி ஓரத்தை மடக்கிப் பூட்டும் தகடான லாக் பிளேட், நட்டு கழன்றுவிடாதபடி துளையில் செருகி முனையை விரித்துவிடும் காட்டர் பின் ஆகியவற்றைப் பற்றி மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. நட்டைக் கழற்றுவதற்காக நிமிர்த்திய லாக் பிளேட்டின் நாக்கையே மறுபடி மடக்கிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஒருமுறை மடங்கி நிமிர்ந்த தகடு அதே இடத்தில் மீண்டும் மடங்கும்போது விரிசல் விடக்கூடும். பிறகு அந்த நாக்கு ஒடிந்து விழுந்தாலும் வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்சக்கர அச்சின் காட்டர் பின்னையும், நைலான் வளையம் பதித்த நட்டையும் கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை. இவற்றுள் பலவற்றின் விலை ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

'ஸ்பிரிங் வாஷர் (நட்டுக்கு அடியில் போடும் வெட்டுள்ள வளையம்) இருக்கிறது, கழலாது' என்று மெக்கானிக் சொல்லும் பதிலை அப்படியே ஏற்க இயலாது. இறுக்கப்பட்ட பாகங்கள் போல்ட்டின் அச்சுக்குக் குறுக்காக நழுவும்போதுதான் நட்டு தானாகச் சுழன்று தளர்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் விளக்கிக் காட்டினார். அத்தகைய நழுவலை ஸ்பிரிங் வாஷர் தடுப்பதில்லை. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் செயினின் இழுவிசை மாறி மாறிப் பின் ஸ்பிராக்கெட்டை உலுக்குகிறது; சக்கரக் குடத்திலுள்ள ரப்பர்கள் நைந்திருந்தால் அந்த உலுக்கல் இன்னும் கடுமையாகும் என்பதால், செயின் செட் மாற்றும்போது ரப்பர்களையும் பார்த்துவிட வேண்டும். நட்டுகள் தளர்ந்து செயின் பல்லைவிட்டு நழுவினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடலாம். முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டுகொள்ளும் செயின் என்ஜின் உறையையே உடைத்துவிடுவதும் உண்டு.

அதற்காக ஸ்பேனரில் குழாயை மாட்டி முழுபலத்தோடு இறுக்குவதும் தவறுதான். போல்ட்டு நீண்டு மரை கெட்டுவிடும். தயாரிப்பு நிறுவனம் குறிப்பிடும் நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) அளவில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே அளவிலேயே போல்ட்டு கூடுதலாக இழுபடும் என்பதால், அதைத் துடைத்துவிட்டுப் பூட்டுவது நல்லது. இறுக்கிய பின் நட்டின் மீதும் அதை ஒட்டிய பாகத்தின் மீதும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், நட்டு சற்றே நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக் கிளிப் வைத்ததானால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று பார்க்கவும் கருவி எதுவும் தேவையில்லை.

ஆகவே, புதிய லாக் பிளேட், காட்டர் பின் ஆகியவற்றைப் பட்டறைகள் ரசீதில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்றும், ஸ்பிராக்கெட், பின் அச்சு ஆகியவற்றின் நட்டுகளை இறுக்க வேண்டிய அளவுகளை வாகன நிறுவனங்கள் கையேட்டில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.